செகண்ட் ஹேண்ட் கன்ட்ரோலரும் தகிட தகிடவும்

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஜே செட் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். என்னிடம் இருந்தது 20,000 ரூபாய், ஹெட்போன், ஒயர், பின் எல்லாம் அதற்குள் அடக்கம். லேப்டாப் தனியாக இருந்தது. கம்பெனியில் கழித்துக்கட்டிய பழசு, 8 ஜிபி ரேம், பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு சவுண்ட் சர்வீஸ் உண்டு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடி மாசக் கூழ், கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் ஸ்பீக்கர் பாக்ஸ் போகும். அதை நடத்தும் அண்ணன்தான் ஆரம்பித்து வைத்தார்: "செல்போன்ல பாட்டு போடுற பையன் அடுத்த பாட்ட தேடுறதுக்குள்ள ஜனம் சாப்புட போய்டுது தம்பி. நடுவுல கேப் உடாம ஓட்டணும். நீ கத்துக்கோயேன்."

கேப் விடாமல் ஓட்டுவதற்கு என்ன தேவை என்று யோசித்தால், பளபளக்கிற விளக்குகளில் முக்கால்வாசி தேவையே இல்லை. வெளியே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் காதில் கேட்டுத் தயார் செய்ய வேண்டும். அப்படியென்றால் பாக்ஸுக்குப் போகும் சத்தம் ஒன்று, ஹெட்போனுக்கு வரும் சத்தம் வேறொன்று. லேப்டாப்பில் இருக்கும் ஒரே ஒரு ஹெட்போன் ஓட்டையை வைத்துக்கொண்டு இதை ஒழுங்காகச் செய்ய முடியாது. இடது பக்கச் சத்தத்தை வெளியே அனுப்பி வலது பக்கத்தைக் காதுக்குத் திருப்பும் ஒய் ஒயர் ஒன்று கிடைக்கிறது. பழக ஆரம்பிக்க அது போதும், ஆனால் இரண்டு பக்கமும் மோனோவாகிவிடும். அதனால் கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் டிஜே சாஃப்ட்வேரைக் கையால் இயக்கும் மெஷின்) வாங்கும்போது முதல் கேள்வி, உள்ளேயே சவுண்ட் கார்டு இருக்கிறதா, மாஸ்டருக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி அவுட் இருக்கிறதா என்பதுதான். அடுத்தது டெம்போ ஃபேடர், பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை. எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மூன்றாவது, ஒவ்வொரு சேனலுக்கும் ஹை, மிட், லோ என்று மூன்று ஈக்யூ திருகு. கையடக்க மாடல்கள் சிலவற்றில் ஈக்யூவே இருக்காது, பேஸைக் குறைக்க வழியில்லாமல் இரண்டு குத்துப் பாட்டைக் கலக்கவே முடியாது.

இந்த மூன்றையும் வைத்து வடிகட்டினேன். பயோனீர் டிடிஜே-200 மலிவு, ஆனால் அதில் ஆடியோ அவுட்டே கிடையாது, செல்போனும் பிரிக்கும் ஒயரும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300 நல்ல சாமான். வேகத்தைக் கூட்டு, குறை என்று சொல்ல அதில் அம்புக்குறி விளக்கு எரியும், பழகுபவர்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம்: விளக்கு எரிந்தால் கண் அங்கேதான் போகும், காது தூங்கிவிடும். (அணைத்து வைத்துக்கொள்ளலாம், சரி, ஆனால் என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.) பயோனீரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 தான் இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் வாங்குவது, ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற இரண்டு டிஜே சாஃப்ட்வேரிலும் ஓடும். புதிது என் கைக்கு எட்டவில்லை. அதற்கு முந்தின தலைமுறை டிடிஜே-400, 2018-இல் வந்தது, பழசாக நிறைய கிடைக்கும். பெரம்பூர் பக்கம் ஒருவர் விற்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தேன்.

பழைய கன்ட்ரோலர் பார்க்கப் போகும்போது உங்கள் லேப்டாப்பையும் உங்கள் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு போங்கள், விற்பவரின் லேப்டாப்பில் பாட்டு ஓடுவதைக் கேட்டுவிட்டு வராதீர்கள். சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபேடரையும் மிக மெதுவாக நகர்த்தினால் திரையில் உள்ள ஃபேடரும் அதே போல வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் குதித்தால் உள்ளே அழுக்கு. டெம்போ ஃபேடரை நடுவில் நிறுத்தினால் எண் சரியாகப் பூஜ்யத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். ஜாக் வீல் என்ற வட்டத் தட்டின் மேல் பரப்பை விரல் நுனியால் தொட்டதும் பாட்டு நிற்க வேண்டும், ஓரத்தைத் தள்ளினால் நிற்காமல் வேகம் மட்டும் மாற வேண்டும். ஹெட்போன் பின்னைச் செருகியபடி லேசாக ஆட்டிப் பாருங்கள், யூஎஸ்பி ஒயரையும் அப்படியே. பிளே, க்யூ (குறித்து வைத்த இடத்துக்குப் பாட்டைக் கொண்டுபோவது) பட்டன்கள்தான் அதிகம் அடி வாங்குபவை, பத்து இருபது தடவை தட்டினாலும் ஒரு தட்டுகூடத் தப்பக்கூடாது. நான் பார்த்த சாமானில் இரண்டாவது சேனல் ஃபேடர் குதித்தது, ஹெட்போன் ஜாக்கை ஆட்டினால் ஒரு காது போய்ப் போய் வந்தது. மற்றதெல்லாம் சுத்தம். முந்தைய ஓனர் வீடு எண்ணூர் கடற்கரைப் பக்கம் என்றார், அதோடு காரணம் புரிந்துவிட்டது, உப்புக் காற்றில் எந்தப் பின்னும் வெளுத்துப் போகும். இந்த இரண்டையும் காட்டி விலை குறைத்து வாங்கி வந்தேன்.

பிரித்து வேலை பார்த்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை. யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள திருகுகளையும் ஃபேடர் தொப்பிகளையும் நேராக மேல்நோக்கி இழுத்து எடுத்தேன், பக்கவாட்டில் நெம்பினால் உள்ளே உள்ள தண்டு முறியும். அடியில் உள்ள ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை, அதனால் ஒரு அட்டையில் மெஷினின் உருவத்தைக் கோடு போட்டு, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். ஃபேடருக்குள் முதலில் காற்று அடித்துத் தூசியைத் தள்ளிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு மேலும் கீழுமாக ஓட்டி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் ஃபேடருக்கென்றே விற்கும் லூப்ரிகன்ட் துளி. கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இதில் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு எண்ணெயை விட்டுவிட்டுப் போகும், அந்த எண்ணெயில் தூசி ஒட்டும், கொஞ்ச நாளில் முன்னைவிட மோசம். ஹெட்போன் ஜாக்கில் ஒரு காலின் ஈயப் பற்று வட்டமாக விரிசல் விட்டிருந்தது. ஃப்ளக்ஸ் தடவி, பழைய ஈயத்தை உருக்கிக் கொஞ்சம் புதிதாகச் சேர்த்ததும் முடிந்தது. இப்போது வேலை இல்லாத நேரத்தில் மூடி போட்டு, சிலிகா ஜெல் பை இரண்டு போட்ட டப்பாவில்தான் அது உறங்கும்.

ஒயர் விஷயம் இதைவிட அதிகம் படுத்தியது. கன்ட்ரோலரின் பின்னால் இருப்பது ஆர்சிஏ, டிவிடி காலத்து ஏவி பின். அண்ணனின் மிக்சரில் இருப்பது பி-38, அதாவது கால் இஞ்ச் தடிமன் பின். ஷீல்டு ஒயர் வாங்கி நானே பற்றவைத்தேன், நடுக் கம்பி நுனிக்கு, ஷீல்டு உடம்புக்கு. மைக் இன்புட்டில் செருகாமல் லைன் இன்புட்டில் செருக வேண்டும், இல்லையென்றால் சத்தம் கிழியும். எல்லாம் சரியாகச் செருகி ஆம்ப்ளியை ஏற்றியதும் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ஹம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றுவிட்டது. மறுபடி செருகினேன், வந்துவிட்டது. இது கிரவுண்ட் லூப்: சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளியின் எர்த்தும் வெவ்வேறு இடத்தில் போய்ச் சேர, நடுவில் நம் ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றி வருகிறது. இதற்குப் பலர் செய்யும் வைத்தியம் சார்ஜரின் எர்த் பின்னை உடைப்பது. ஹம் போகும், கூடவே உயிரும் போகலாம், பந்தல் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் தொழில் இது. நான் முதலில் லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டேன், பாதி குறைந்தது. மீதிக்கு ரிட்சி தெருவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் வாங்கி ஆடியோ ஒயருக்கு நடுவில் போட்டேன். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தவிர வேறெதுவும் இல்லை, அதுவே போதுமாக இருந்தது.

ஹெட்போன் பற்றி ஒரே வார்த்தை: ஒயர் உள்ளது. ப்ளூடூத்தில் சத்தம் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வருவது சாதாரணம். நிமிடத்துக்கு 110 அடி ஓடும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 545 மில்லிசெகண்டுதான், அதில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி வரும் சத்தத்தை வைத்து எதைப் பொருத்துவது. வீட்டு சவுண்ட்பாரை ப்ளூடூத்தில் இணைத்துப் பழகினாலும் இதே கதைதான். காதை முழுக்க மூடும் வகை வேண்டும், ஒரு பக்கக் கிண்ணம் திரும்பும்படி இருந்தால் நல்லது. ஆடியோ டெக்னிகாவின் எம்20எக்ஸ் எடுத்தேன், இந்த விலைக்கு இது போதும்.

சாஃப்ட்வேர், மிக்ஸ் (Mixxx). இலவசம், ஓப்பன் சோர்ஸ், டிடிஜே-400-இன் எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற மேப்பிங் உள்ளேயே இருக்கிறது. ரெக்கார்ட்பாக்ஸும் இந்தக் கன்ட்ரோலரைச் செருகினால் காசில்லாமல் திறக்கும், ஆனால் என் பழைய லேப்டாப்பில் மிக்ஸ்தான் மூச்சு வாங்காமல் ஓடியது. பஃபரை, அதாவது சத்தத்தை லேப்டாப் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நேரத்தை, 23 மில்லிசெகண்டில் வைத்திருக்கிறேன். அதற்குப் பாதியில் வைத்தால் கடகடவென்று வெடிச் சத்தம் வருகிறது. நிகழ்ச்சிக்குப் போகும்போது வைஃபை ஆஃப், ஸ்லீப் ஆஃப். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிங்க் பட்டன் என்று ஒன்று உண்டு, அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகத்தையும் மெஷினே பொருத்திவிடும். ஹவுஸ், டெக்னோ மாதிரி கம்ப்யூட்டரில் செய்த, நாலு நாலு அடியாக நேராகப் போகும் இசைக்கு அது கச்சிதமாக வேலை செய்யும், அதை யாராவது "ஏமாற்று வேலை" என்று சொன்னால் நான் சேரமாட்டேன். ஆனால் சிங்க் நம்புவது பாட்டை முன்கூட்டியே அலசி எழுதி வைத்த பிபிஎம் எண்ணையும் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது), அடி விழும் இடங்களைக் குறிக்கும் பீட் கட்டங்களையும்தான். நம் குத்துப் பாட்டுக்கு அந்த எண் பல நேரம் பொய். ஒரு பாட்டைப் போட்டேன், திரையில் 165 என்று வந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டரு நூத்தி அறுவத்தஞ்சுன்னா நீ நம்பிடுவியா? ஜனம் எத்தினி வாட்டி கால வைக்கிதுன்னு எண்ணு." எண்ணினேன், 110.

ஏன் அப்படி என்றால், குத்தும் கானாவும் பெரும்பாலும் திஸ்ர நடை. ஒவ்வொரு பெரிய அடிக்குள்ளும் மூன்று சின்ன அடி: தகிட, தகிட. காலை வைப்பது 'த' விழும் இடத்தில். மெஷினுக்குக் கால் கிடையாது, அது சின்ன அடிகளை இரண்டு இரண்டாகக் கூட்டி எண்ணிவிடுகிறது. நிமிடத்துக்கு 110 பெரிய அடி என்றால் 330 சின்ன அடி, அதை இரண்டால் வகுத்தால் 165. ஒன்றரை மடங்கு பிழை. மிக்ஸில் பாட்டின் மேல் வலது க்ளிக் செய்தால் பிபிஎம் பட்டியலில் மூன்றில் இரண்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை அழுத்தினால் 110 ஆகிவிடும். இதற்காகவே எனக்கு இந்த சாஃப்ட்வேரைப் பிடிக்கும். எண் சரியானாலும் கட்டம் சரியான அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று காதுதான் சொல்ல வேண்டும். பல பாட்டில் அது 'கி'யின் மேலோ 'ட'வின் மேலோ உட்கார்ந்திருக்கும்.

ஆகவே காதைப் பழக்குவது தவிர வழியில்லை. 1960களின் கடைசியில் நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் கிராசோ இரண்டு இசைத்தட்டுகளின் அடியை ஒன்றோடொன்று பொருத்தி ஓட்டினார் என்பார்கள், அவருக்குத் திரையும் இல்லை, எண்ணும் இல்லை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டு பிளேயர் 1972-இல் வந்தது, 1979-இல் வந்த அதன் எம்கே2-இல் கூட்டல் கழித்தல் 8 சதவீதம் நகரும் நீள ஃபேடர் வைத்தார்கள், இன்றைக்கு என் கன்ட்ரோலரில் இருக்கும் குட்டி ஃபேடர் அதன் பேரப்பிள்ளை. என்னுடையதில் ஷிஃப்டோடு சிங்க் பட்டனை அழுத்தினால் அந்த வீச்சு 6, 10, 16 என்று மாறும். 6-இல் வையுங்கள். ஃபேடர் குட்டையாக இருப்பதால் 16-இல் வைத்தால் ஒரு மயிரிழை நகர்வுக்கே வேகம் தாவிவிடும், நுணுக்கமாக எதையும் செய்ய முடியாது.

பழகிய முறை இது. லேப்டாப் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். முதலில் இரண்டு டெக்கிலும் (ஒவ்வொன்றும் ஒரு பாட்டை ஓட்டும் பக்கம்) ஒரே பாட்டு, அதுவும் கம்ப்யூட்டர் டிரம்ஸ் போட்ட, வேகம் மாறாத பாட்டு. இரண்டாவது டெக்கின் டெம்போ ஃபேடரைப் பார்க்காமல் எங்காவது தள்ளிவிட்டு, அதைக் காதாலேயே பழைய இடத்துக்குக் கொண்டு வருவது. ஒரு காதில் ஹெட்போன், ஒரு காது வெளியே ஸ்பீக்கருக்கு. இரவில் ஸ்பீக்கர் போட முடியாது, எங்கள் பக்கம் சுவருக்குச் சுவர் வீடு, அப்போது ஹெட்போன் மிக்ஸ் திருகை நடுவில் வைத்தால் வெளியே போவதும் தயாராவதும் இரண்டும் காதிலேயே கேட்கும். இது கொஞ்சம் குழப்பும், ஆனால் காது சீக்கிரம் கூர்மையாகும்.

இரண்டு வெவ்வேறு வேலை இங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடி கிடைத்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டு பைக் ஒரே வேகத்தில் போகலாம், ஆனாலும் ஒன்று பத்தடி முன்னால் போய்க்கொண்டிருக்கலாம். வேகத்தைப் பொருத்துவது ஃபேடர், முன்னே பின்னே இருப்பதைச் சரிக்கட்டுவது ஜாக் வீல். புதிதாக வருபவர் கை, அடி விலகியதும் ஜாக் வீலைத் தள்ளும், சரியாகும், மறுபடி விலகும், மறுபடி தள்ளும், பாட்டு முடியும்வரை இதே. விலகிக்கொண்டே இருந்தால் வேகம் தப்பு என்று அர்த்தம், ஃபேடரைத் தொட வேண்டும். அரை பிபிஎம் வித்தியாசம் இருந்தாலே ஒரு நிமிடத்தில் அரை அடி தள்ளிப் போய்விடும், அதாவது ஒன்று அடிக்கும்போது இன்னொன்று இரண்டு அடிக்கும் நட்டநடுவில் நிற்கும்.

எது முன்னால் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் தெரியவே தெரியாது, யாருக்கும். அடி ஒன்றாக விழுந்தால் "டக்", விலகினால் "ட-டக்", அந்த "ட" யாருடையது என்பது மட்டும் பிடிபடாது. அப்போது ஊகிக்காமல் ஜாக் வீலை ஒரு பக்கம் லேசாகத் தள்ளிவிடுங்கள். முன்னால் தள்ளியதும் இரண்டு சத்தமும் நெருங்கினால் உங்கள் பாட்டு பிந்தியிருக்கிறது, ஃபேடரில் வேகம் கூட்டு. இன்னும் பிளந்தால் முந்தியிருக்கிறது, குறை. அப்புறம் இன்னொன்று: பேஸ் டிரம்மைக் கேட்டுப் பொருத்தாதீர்கள். அது கொழகொழவென்று நீளும், ஆரம்பம் எங்கே என்று தெளிவாக இருக்காது. ஹை-ஹாட், ஜால்ரா, தவிலின் வலந்தலை மாதிரி சுருக்கென்று விழும் சத்தத்தைப் பிடியுங்கள். நான் காதில் கேட்கும் சேனலின் லோவை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பொருத்துவேன்.

வாயால் சொல்லிப் பழகியதுதான் எனக்கு அதிகம் உதவியது. வெளியே ஓடும் பாட்டுக்கு "தகிட தகிட" என்று முணுமுணுத்துக்கொண்டே காலைத் தட்டுவது, பிறகு ஹெட்போன் பாட்டை மட்டும் கேட்டு அதே காலில் அது உட்காருகிறதா என்று பார்ப்பது. வாய் திணறினால் வேகம் வேறு. பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

பழைய பாட்டுகள் தனி ஜாதி. கல்யாண வீட்டில் 70, 80களின் பாட்டு கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஸ்டுடியோவில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பாட்டு அது, மனிதக் கை, சரணத்தில் கொஞ்சம் வேகம் ஏறும், பல்லவி திரும்பும்போது இறங்கும். ஒரே எண்ணுக்குள் அது அடங்காது. இந்தப் பாட்டுக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரு கை ஜாக் வீல் மேலேயே இருக்க வேண்டும், நாலு அடிக்கு ஒருமுறை ஒரு சின்ன உந்தல். நீளமாகக் கலக்க ஆசைப்படாமல் எட்டு அடிக்குள் முடித்துவிடுவது உத்தமம். மேசை தட்டிப் பாடிய கானா ரெக்கார்டிங் இன்னும் மோசம், உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறிக்கொண்டே போகும். அதையெல்லாம் நான் கலப்பதே இல்லை. முடியவிட்டு, கடைசி அடியில் அடுத்த பாட்டின் முதல் அடியைப் போட்டு வெட்டிவிடுவேன், அதற்குத்தான் விசிலும் அதிகம்.

திஸ்ரத்திலிருந்து சதுஸ்ரத்துக்குப் போவதுதான் உண்மையான தலைவலி. இரண்டு பாட்டும் 110 என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய அடி ஒன்றாக விழும், ஆனால் உள்ளே ஒன்று "தகிட", மற்றொன்று "தகதிமி". மூன்றும் நாலும் ஒன்றின் மேல் ஒன்று ஓடினால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவது போல ஒரு களேபரம். நான் கண்ட வழி, இரண்டு தாளக் கட்டும் ஒரே நேரத்தில் வெளியே கேட்கவிடக்கூடாது. குத்துப் பாட்டின் தாளம் அடங்கிக் குரலோ நாதஸ்வரமோ தனியாக வரும் இடத்தைத் தேடி அங்கே க்யூ பாயின்ட் போட்டு வைக்கிறேன். அந்த இடத்தில் பெரிய அடியை மட்டும் மனதில் எண்ணிக்கொண்டு, அடுத்த பாட்டின் தாளத்தை உள்ளே விடுகிறேன். பெரிய அடி நிற்காததால் ஆடுபவர்களின் கால் நிற்பதில்லை, உள்ளே கணக்கு மாறியதை உடம்பு தானாக ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஒரு இடமே இல்லாத பாட்டும் உண்டு. அதற்கு உருமியோ பம்பையோ தனியாக நாலு அடி உருட்டும் துண்டு ஒன்றைப் பாலமாகப் போடுகிறேன்.

இன்னொரு உள்ளூர்ப் பிரச்சினை: கிளப் இசையில் பதினாறு பதினாறு அடியாகப் பிரிந்து வரும், எங்கே கலக்கலாம் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். சினிமாப் பாட்டில் இடையிசை எத்தனை சுற்று வரும் என்று அந்தந்த இசையமைப்பாளர்தான் சொல்ல வேண்டும். அதனால் பாட்டைத் தெரிந்திருக்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. ஆலாபனையோடு தொடங்கும் பாட்டுக்கு முதல் தாள அடி விழும் இடத்தில் ஒரு ஹாட் க்யூ (தட்டியதும் பாட்டு அங்கே தாவும் குறி), இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இடையிசையில் வெளியேற இன்னொன்று. என் கோப்பில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த இரண்டாவது கட்டாயம்.

பேஸ்: ஒரு நேரத்தில் ஒரு பாட்டின் பேஸ்தான் வெளியே போக வேண்டும். புதிய பாட்டை லோ முழுக்கக் குறைத்து உள்ளே விட்டு, மாறும் அடியில் ஒன்றைக் குறைத்து ஒன்றை ஏற்றுவது. லெவல் விளக்கு பச்சையில் ஓடி எப்போதாவது மஞ்சளைத் தொடலாம், சிவப்பு எரியவே கூடாது. சத்தம் போதவில்லை என்றால் ஆம்ப்ளியில் ஏற்றச் சொல்லுங்கள், கன்ட்ரோலரில் ஏற்றினால் கிழிந்த சத்தம்தான் பெரிதாகும், ட்வீட்டரும் போகும். அண்ணனின் பழைய ஆம்ப்ளி மோனோ. இடது பின்னை மட்டும் செருகினால் பழைய ஸ்டீரியோ பாட்டு சிலவற்றில் வயலின் வரிசையே காணாமல் போய்விடும், ஏனென்றால் அது வலது பக்கம் இருக்கிறது. மிக்ஸில் மாஸ்டர் அவுட்டை மோனோவாக மாற்றிவிட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

முதல் நிகழ்ச்சி கொருக்குப்பேட்டையில் ஒரு மஞ்சள் நீராட்டு. தெருவை அடைத்துப் பந்தல், பாக்ஸ் இரண்டும் பந்தலின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில், நடுவில் ஏறக்குறைய 20 மீட்டர். வீட்டில் கச்சிதமாகப் பொருந்திய பாட்டெல்லாம் அங்கே விலகிக் கேட்டது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், 20 மீட்டர் கடக்க 59 மில்லிசெகண்டு ஆகும். வெளிக் காதுக்கு பாக்ஸ் சத்தம் அவ்வளவு பிந்தி வருகிறது, ஹெட்போன் காதுக்கு உடனே வருகிறது. காதை நம்பிப் பொருத்தினால் ஜனத்துக்கு 59 மில்லிசெகண்டு தப்பாகத்தான் போகும். அங்கேயே ஹெட்போன் மிக்ஸ் திருகை நடுவுக்குக் கொண்டு வந்து, இரண்டையும் காதுக்குள்ளேயே கேட்டுப் பொருத்தி ஓட்டினேன், ராத்திரிப் பழக்கம் கைகொடுத்தது. பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்தாக வேண்டும் என்பதால் ஒன்பதே முக்காலுக்கு மெலடிக்கு இறங்க ஆரம்பித்தேன், "இன்னும் ஒரு குத்து போடு நைனா" என்று ஒரு பெரியவர் விடவே இல்லை, அவருக்காக ஒன்று போட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணனிடம் பேசி, சும்மா கிடந்த, உள்ளேயே ஆம்ப்ளி உள்ள சின்ன பவர்டு பாக்ஸ் ஒன்றை மானிட்டராக என் பக்கத்தில் ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்கிறோம், அதில் தாமதம் 3 மில்லிசெகண்டுதான். பாக்ஸ் தூரமாகப் போனால் ஆர்சிஏ ஒயரை நீட்டுவதில்லை, ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் அது இரைச்சலை இழுக்கும். மிக்சரைப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து கேனான் பின் (எக்ஸ்எல்ஆர்) போட்ட, இரைச்சலை இழுக்காத பேலன்ஸ்டு ஒயரில் போகிறது. அடுத்து ஆடி மாதம். கோயில் தெருவில் மிக்சர் வைக்க மேசை கிடைக்குமா என்று மட்டும்தான் இன்னும் தெரியவில்லை, கிடைக்காவிட்டால் தண்ணி டிரம்மின் மேல் பலகை போட்டுக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன், மூடி இறுக்கமாக இருந்தால் எனக்குச் சம்மதம்.